காகிதமும் மின்னொளியும்

காகிதம் எளிதில் தீப்பற்றும் பொருள். மின்சாரமோ தீயைத் தன்னுள் அடக்கிய ஆற்றல். ஆகவே இவ்விரண்டையும் அருகருகே வைக்கலாகாது என்பது நம்மிற் பலர் இளமையிற் கற்ற பாடம். ஆயினும் இன்று பல நாட்டுப் பள்ளிகளிலே மாணவர்கள் வாழ்த்து அட்டை ஒன்றை மடித்து, அதனுள்ளே செப்பு நாடாவை ஒட்டி, சிறு விளக்கு ஒன்றைப் பொருத்தி, காகிதப் பூவின் நடுவே ஒளி தோன்றுமாறு செய்கின்றனர். இதனைப் புதுமை மோகம் என்பர் சிலர். வெறும் விளையாட்டு என்பர் வேறு சிலர். உண்மையில், காகிதத்துக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த உறவின் வரலாற்றை நோக்குவோமாயின், மின்னொளியைப் பற்றிய அறிவு எக்காலத்தில் மக்களின் கையில் இருந்தது, எக்காலத்தில் கையை விட்டு நழுவிற்று, இப்போது எவ்வாறு மீண்டு வருகிறது என்பது நன்கு விளங்கும்.

முதலில் மின்கலத்தின் பிறப்பைப் பார்ப்போம். இத்தாலிய அறிஞர் அலெசாண்டிரோ வோல்ட்டா 1800-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் நாள், லண்டன் ராயல் சங்கத்தின் தலைவராயிருந்த சர் ஜோசப் பாங்க்ஸ் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த புதிய கருவியை அதில் விவரித்திருந்தார். வெள்ளி வில்லை ஒன்று, துத்தநாக வில்லை ஒன்று, அவற்றின்மேல் உப்பு நீரில் நனைத்த அட்டைத் துண்டு ஒன்று. மீண்டும் வெள்ளி, துத்தநாகம், அட்டை. இவ்வாறு தூண்போல் அடுக்கிக்கொண்டே போனால், அந்தத் தூணின் இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் இடைவிடாது ஓடக் கண்டார் அவர். உலகின் முதல் மின்கல அடுக்கு இதுவே. இதில் அட்டைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உப்பு நீரைத் தன்னுள் ஏந்தி நிற்பதே அதன் வேலை. அட்டை உலர்ந்துவிட்டால் மின்னோட்டமும் நின்றுவிடும். ஆகவே, மின்கலம் பிறந்த தொட்டிலிலேயே காகிதமும் இருந்தது எனலாம்.

அடுத்து மின்விளக்கு. மெல்லிய இழை ஒன்றின் வழியே மின்சாரத்தைச் செலுத்தினால் அது பழுத்து ஒளிவிடும் என்பதைப் பலர் அறிந்திருந்தனர். எந்தப் பொருளால் இழை செய்வது என்பதே கேள்வி. இங்கிலாந்தில் ஜோசப் சுவான் என்பவர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, கரியாக்கிய காகிதக் கீற்றுகளைக் கொண்டு சோதனைகள் செய்தார். காற்றுப் படாதவாறு மூடி வைத்துச் சூடேற்றினால், காகிதம் சாம்பலாகாமல் உருவம் கெடாத கரியாக மாறும். அக்கரி மின்சாரத்தைக் கடத்தும். அமெரிக்காவில் தாமஸ் ஆல்வா எடிசன் 1879-ஆம் ஆண்டு அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூலை முயன்று பார்த்தார். பின்னர் பிரிஸ்டல் அட்டை எனப்படும் கெட்டித் தாளைக் குதிரை லாட வடிவில் வெட்டிக் கரியாக்கி இழையாக்கினார். அவ்வாண்டின் இறுதி நாளன்று நியூ ஜெர்சியிலுள்ள மென்லோ பார்க்கில் மக்கள் திரண்டு வந்து கண்ட விளக்குகள் இத்தகைய காகித இழை விளக்குகளே. காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தமையால் அந்தக் காகிதக் கரி எரிந்து போகாமல் ஒளிவிட்டது. மறு ஆண்டில் மூங்கில் இழை வந்தது. பிற்காலத்தில் உலோக இழை வந்தது. காகிதம் குமிழை விட்டு வெளியேறிற்று.

உள்ளிருந்து நீங்கிய காகிதம் விளக்கின் வெளிப்புறத்தில் தன் இடத்தைப் பெற்றது. ஆசிய நாடுகளில் காகிதக் கூண்டு விளக்கு மிகப் பழமையானது. காற்று மெழுகுவத்தியை அணைத்துவிடாமல் காப்பதும், கூசும் ஒளியை மென்மையாக்குவதும் அக்கூண்டின் பணிகள். இக்கலையில் ஜப்பானின் கிஃபு நகரம் பேர்பெற்றது. அந்நகருக்கு அருகிலுள்ள மினோ வட்டாரத்தில், காகித முசுக்கட்டை மரத்தின் பட்டையிலிருந்து கையால் தாள் செய்கின்றனர். மெல்லியதாயினும் வலுவுடையது அது. அந்த வட்டாரத்தின் ஹோன்மினோஷி என்னும் கைத்தாள் கலை, 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தக் கிஃபு நகருக்கு 1951-ஆம் ஆண்டில் இசாமு நொகுச்சி என்னும் சிற்பி வந்தார். ஜப்பானியக் கவிஞர் ஒருவருக்கும் அமெரிக்கத் தாய் ஒருவருக்கும் மகனாய்ப் பிறந்தவர் அவர். ஹிரோஷிமாவுக்குச் செல்லும் வழியில் அங்கே தங்கினார். போருக்குப் பின் நலிந்து கிடந்த கூண்டு விளக்குத் தொழிலுக்குப் புத்துயிர் அளிக்க ஏதேனும் செய்யவேண்டும் என்று அவ்வூர் நகரத் தலைவர் அவரிடம் கேட்டுக்கொண்டார். நொகுச்சி பழைய முறையை மாற்றவில்லை. மரத்துண்டுகளைச் சேர்த்து அச்சு ஒன்று அமைப்பது, அதன்மேல் மெல்லிய மூங்கில் கீற்றைச் சுருளாகச் சுற்றுவது, அதன்மீது தாளை ஒட்டுவது, பசை உலர்ந்தபின் அச்சைப் பிரித்து உள்ளிருந்து எடுத்துவிடுவது என்னும் மரபு முறையையே அவர் கையாண்டார். வடிவங்களையும் உள்ளே இருக்கும் ஒளியையுமே மாற்றினார். மெழுகுவத்தி இருந்த இடத்தில் மின்குமிழ் அமர்ந்தது. இவ்விளக்குகளுக்கு 'அகாரி' என்று பெயரிட்டார். ஜப்பானிய மொழியில் அதற்கு ஒளி என்பது பொருள். நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களில் அவர் அமைத்த இவ்விளக்குகள், 1986-ஆம் ஆண்டு வெனிஸ் நகரக் கலைக்கண்காட்சியின் அமெரிக்க மண்டபத்திலும் வைக்கப்பெற்றன. ஒரு நகரின் கைத்தொழில், மின்சாரம் வந்ததால் அழியாமல், மின்சாரத்தைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டமையால் பிழைத்தது. இது நாம் கருத்தில் இருத்தவேண்டிய செய்தி.

ஜப்பானின் வடபகுதியிலுள்ள அவோமோரி நகரில் இதே மாற்றம் விழாவிலே நிகழ்ந்தது. அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்டு 2 முதல் 7 வரை நெபுத்தா விழா நடைபெறும். வீரர்களும் தெய்வங்களும் தோன்றும் பேருருவங்களைக் காகிதத்தால் செய்து, உள்ளே விளக்கேற்றி, தெருவிலே இழுத்துச் செல்வர். பெரிய உருவங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் உடையவை. முன்னாளில் மூங்கிற் சட்டமும் மெழுகுவத்தியும் இருந்தன. தீ விபத்துக்கு அஞ்சி அக்காலத்தார் எவ்வளவு கவனமாய் இருந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூங்கிலின் இடத்தைக் கம்பியும், மெழுகுவத்தியின் இடத்தை மின்குமிழும் பெற்றன. கம்பி எப்பக்கமும் வளையுமாதலால் முகத்தின் சுருக்கமும் விரல்களின் நெளிவும் உருவாக்க முடிந்தது. ஆனால் மெழுகு முற்றிலும் விடை பெறவில்லை. ஓவியர்கள் இன்றும் உருக்கிய மெழுகைத் தூரிகையால் தாளின்மேல் தீட்டுகின்றனர். மெழுகு ஊறிய இடத்தில் சாயம் ஒன்றோடொன்று கலவாது. அவ்விடம் வழியே உள்ளொளியும் மிகுதியாய் வெளிப்படும்.

இதுவரை கண்டவற்றில் காகிதம் ஒளிக்கு இருப்பிடமாய் நின்றது. ஒளிக்கு ஆணையிடும் பொறுப்பையும் காகிதம் ஏற்ற ஊர் ஒன்று உண்டு. அது பிலிப்பைன்ஸ் நாட்டின் பம்பாங்கா மாகாணத்திலுள்ள சான் பெர்னாண்டோ. அந்நாட்டார் கிறிஸ்துமஸ் காலத்தில் 'பாரோல்' என்னும் நட்சத்திர விளக்குகளை வீடுதோறும் தொங்கவிடுவர். மூங்கிலும் மெல்லிய தாளும் கொண்டு செய்வது அவற்றின் பழைய முறை. சான் பெர்னாண்டோவிலோ ஊர்ப்பகுதிகள் தம்முள் போட்டியிட்டு, ஏறத்தாழ 20 அடி உயர விளக்குகளைச் செய்தன. ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் உள்ளே இருக்கும். இசைக்கேற்ப ஒளி விரிந்தும் சுருங்கியும் சுழன்றும் நடனமாடவேண்டும். முதலில் பலர் அமர்ந்து கையால் பொத்தான்களை அழுத்தி இதனைச் செய்தனர். 1957-ஆம் ஆண்டில் ரொடால்போ டேவிட் என்னும் கைவினைஞர் சுழல் உருளையைப் புகுத்தினார்.

அந்த உருளையின் அமைப்பு எளியது. எளிமையே அதன் பெருமை. எஃகுப் பீப்பாய் ஒன்றிலே மின்சாரம் பாயும். விளக்குகளிலிருந்து வரும் கம்பிகளின் நுனியில் தலைமயிருக்குக் குத்தும் கொண்டை ஊசிகள் கட்டப்பட்டு, பீப்பாயின் மேல் வரிசையாக உராய்ந்துகொண்டிருக்கும். பீப்பாயின் சில பகுதிகள் மேல் காகிதப் பசை நாடா ஒட்டப்பட்டிருக்கும். பீப்பாயைச் சுழற்றும்போது, வெறும் எஃகு ஊசியைத் தொட்டால் விளக்கு எரியும். காகித நாடா குறுக்கே வந்தால் விளக்கு அணையும். நாடாவை எந்த அளவில் வெட்டி எங்கே ஒட்டுவது என்பதிலேதான் கலைஞனின் திறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தப் பசை நாடா, அமெரிக்காவில் ரிச்சர்டு டுரூ என்பவர் 1925-இல் மோட்டார் வண்டிகளுக்கு வண்ணம் பூசுவோரின் வசதிக்காகச் செய்தது. அதைக்கொண்டு சான் பெர்னாண்டோவின் கைவினைஞர்கள் ஒளிக்குத் தாளம் எழுதினர். பிற்காலத்தில் விளக்கின் முகப்பில் தாளுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வந்துவிட்ட போதிலும், ஆணையிடும் நாடா நெடுங்காலம் காகித நாடாவாகவே நீடித்தது. மின்சுற்று முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அறுந்தால் எங்கே அறுந்தது என்று ஊரார் கண்டு திருத்தவும் முடிந்தது.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் மின்சுற்று மக்களின் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் என்னும் பொறியியலார் 1936-இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகப் பற்றவைப்பதற்கு மாறாக, மின்கடத்தாப் பலகையொன்றின்மேல் செப்புத் தகட்டை ஒட்டி, வேண்டிய வழிகளை மட்டும் அச்சிட்டு, மற்றச் செம்பை அரித்து நீக்கிவிடலாம் என்று அவர் காட்டினார். அச்சுச் சுற்று என்று இது பெயர் பெற்றது. நம் இல்லங்களில் இருந்த பல வானொலிப் பெட்டிகளின் உட்பலகை இம்முறையில் ஆனதே. அப்பலகைகளுட் பல, தாள் அடுக்குகளைச் செயற்கைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யப்பட்டவை என்பது குறிக்கத்தக்கது. அங்கேயும் காகிதம் இருந்தது. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பெட்டி மலிந்தது, சிறுத்தது, செம்மையுற்றது. அதனால் நாம் அடைந்த நன்மை பெரிது. எனினும் அதற்கு நாம் கொடுத்த விலையும் ஒன்று உண்டு. மின்சாரம் எவ்வாறு ஓடுகிறது என்பதைத் தன் கண்ணால் பார்த்துக் கையால் தொடரும் வாய்ப்பைச் சிறுவர்கள் இழந்தனர். பாடப்புத்தகத்தில் கோடுகளாக வரைந்த மின்சுற்றை மனப்பாடம் செய்யும் மாணவன், அக்கோடுகள் கம்பிகளைக் குறிப்பன என்பதையே மறந்துவிடுதல் உண்டு.

காகிதத்தின் வழியாக அறிவைக் கண்ணுக்குக் காட்டலாம் என்று சென்னையில் ஒருவர் முன்பே காட்டியுள்ளார். சுந்தர ராவ் என்னும் கணித ஆர்வலர், காகிதம் மடித்தலைக்கொண்டு வடிவ கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். குழந்தைப் பள்ளிகளுக்கு ஃபுரோபெல் வகுத்த காகித மடிப்புப் பயிற்சியே அவருக்குத் தூண்டுகோலாயிற்று. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைப் பாராட்டினார். 1901-இல் அமெரிக்காவிலும் அது பதிப்பிக்கப்பெற்றது. கோட்டையும் கோணத்தையும் மடித்துக் காட்டிய அதே தாளில் மின்னோட்டத்தையும் காட்ட இயலாதா? அக்காலத்தில் இயலாது. வெப்பமே அதற்குத் தடையாய் நின்றது. இழை விளக்கு தான் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கையே ஒளியாக்கும். எஞ்சியது பெரும்பாலும் வெப்பமாகும். அத்தகைய விளக்கைத் தாளின்மேல் ஒட்டுவது எங்ஙனம்?

அந்தத் தடையை நீக்கியது எல்.இ.டி. என வழங்கும் ஒளியுமிழ் டையோடு. 1962-இல் அமெரிக்கப் பொறியியலார் நிக் ஹோலன்யாக் சிவப்பொளி தரும் டையோடைச் செய்து காட்டினார். பின்னர்ப் பச்சையும் மஞ்சளும் வந்தன. பிரகாசமான நீலம் மட்டும் நெடுநாள் கைகூடவில்லை. 1993-இல் ஜப்பானில் ஷூஜி நாகமுரா பிரகாசமான நீல டையோடை உருவாக்கினார். அதற்கு வழிவகுத்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரும் அவரும் 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நீலத்திலிருந்து வெள்ளொளி பிறந்தது. அரிசியளவே உள்ள இவ்விளக்குக்கு 2 அல்லது 3 வோல்ட்டே போதும். பித்தான் மின்கலம் ஒன்றால் எரியும்போது அது தாளைச் சுடுவதில்லை. ஒளியும் தாளும் ஒருவாறு அஞ்சாமல் அணுகும் காலம் வந்தது.

இவ்வாய்ப்பைக் கல்விக்குப் பயன்படுத்தியோருள் இருவரைக் குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் லியா பியூக்லி என்னும் அம்மையார், துணியில் தைக்கக்கூடிய மின்னணுப் பகுதிகளை அமைத்தார்; 'லில்லிபேட்' என்ற பெயருடன் அவை 2007-இல் விற்பனைக்கு வந்தன. பின்னர் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில், கைவினையையும் மின்னணுவியலையும் இணைக்கும் ஆய்வுக் குழுவொன்றை நடத்தினார். அங்கே பயின்ற ஜீ சி என்னும் இளம்பெண் அவருடன் சேர்ந்து, பக்கத்தைத் திறந்தால் உருவங்கள் எழுந்து நிற்கும் புத்தகம் ஒன்றை 2010-இல் வெளிப்படுத்தினார். தாளின் காதை இழுத்தாலோ தொட்டாலோ அதில் விளக்குகள் ஒளிரும். ஊதினால் விதைகள் பறப்பதுபோல் ஒளி சிதறும் சீமைக் காட்டு முள்ளங்கிப் பூவின் ஓவியம் ஒன்றையும் ஜீ சி படைத்தார். 2013-இல் ஆண்ட்ரூ ஹுவாங் என்பவருடன் சேர்ந்து, தபால்தலைபோல் ஒட்டக்கூடிய மின்சுற்று வில்லைகளைப் பொதுமக்களுக்கு வழங்கினார்.

இங்கே வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. பியூக்லியும் அவருடைய கூட்டாளி ஒருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, வழக்கமான மின்னணுப் பலகையைக் கையாண்டோருள் மிகப் பெரும்பாலோர் ஆண்கள் என்றும், தையலோடு கூடிய லில்லிபேட்டைக் கொண்டு படைப்புகள் செய்தோருள் பெரும்பாலோர் பெண்கள் என்றும் காட்டிற்று. மின்சார விதி இரண்டுக்கும் ஒன்றே. கையில் கொடுத்த பொருள் மாறியது. வந்து அமர்ந்தவர்களும் மாறினர். 'பெண்பிள்ளைகளுக்கு இவ்வித்தை வராது' என்று கூறிவந்தவர்கள் இவ்வொரு செய்தியை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

இனி, இக்கைவேலையால் மாணவன் கற்பது யாது என்பதைச் சுருங்கக் கூறுவேன். 2032 என்னும் எண் பொறித்த பித்தான் மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கங்கள் அதன் விட்டம் 20 மில்லிமீட்டர் என்பதையும், பின்னிரண்டு அதன் கனம் 3.2 மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். மின்னழுத்தம் 3 வோல்ட். அட்டையின்மேல் செப்பு நாடாவால் இரு வழிகள் அமைத்து, எல்.இ.டி.யை இடையிலே ஒட்டினால் அது எரியும். திருப்பி ஒட்டினால் எரியாது. இழை விளக்குக்கு இல்லாத திசைக் கட்டுப்பாடு இதற்கு உண்டு. இரண்டு சிவப்பு விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைத்தால் இரண்டும் எரியா. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 2 வோல்ட் வேண்டியிருக்க, மின்கலத்தில் இருப்பது மூன்றே. பக்க இணைப்பில் அவை எரியும். இப்போது பக்க இணைப்பில் சிவப்பு ஒன்றையும் வெள்ளை ஒன்றையும் ஒட்டுவோம். சிவப்பு எரியும், வெள்ளை இருண்டோ மங்கியோ இருக்கும். குறைந்த அழுத்தத்தில் எரியும் சிவப்பு, மின்னழுத்தம் மேலெழாதவாறு பிடித்து வைத்துக்கொள்வதே காரணம். சிவப்பை எடுத்துவிட்டால் வெள்ளை உடனே ஒளிரும். மாணவன் வெள்ளை விளக்கு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைப்பான். அது கெடவில்லை என்று அவனே கண்டுகொள்ளும் அந்தக் கணத்துக்கு ஈடாக ஒரு மணி நேரச் சொற்பொழிவும் நில்லாது.

எச்சரிக்கைகளும் சில உண்டு. பித்தான் மின்கலத்தைச் சிறு குழந்தை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்தசையை அரித்துப் புண்ணாக்கக்கூடும். உயிருக்கே கேடு நேரும். ஆகவே மின்கலங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கவேண்டும். தம்பி தங்கையர் உள்ள வீட்டுக்கு அட்டையை அனுப்புமுன் மின்கலத்தைக் கழற்றிவிடுதல் நலம். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே தாமதியாது மருத்துவமனைக்கு விரையவேண்டும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தை இக்கைவேலையில் எக்காரணம் கொண்டும் தொடலாகாது. மேலும், தாள் மண்ணில் மக்கும். மின்கலமும் விளக்கும் மக்கா. பழுதாகாத விளக்கைப் பிரித்தெடுத்து அடுத்த வகுப்புக்குப் பயன்படுத்துவதும், தீர்ந்த மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் தனியே சேர்த்து உரிய இடத்தில் ஒப்படைப்பதும் பாடத்தின் பகுதியே ஆகும்.

விலையுயர்ந்த பெட்டிகளை வாங்கினால்தான் இதனைச் செய்யமுடியும் என்று பள்ளிகள் தயங்கவேண்டுவதில்லை. செப்பு நாடா கிடையாத இடத்தில், அடுக்களையில் பயன்படும் அலுமினியத் தாளைக் கீற்றாக வெட்டி, மடிப்புகளை அழுத்தி ஒட்டினாலும் மின்சாரம் ஓடும். பழைய நாட்காட்டி அட்டையும், ஒரு மின்கலமும், இரண்டு விளக்குகளும், கத்தரிக்கோலும் போதும். கிஃபு நகரத்தார் தம் ஊர்த் தாளையும் மூங்கிலையும் கொண்டு தொடங்கினர். சான் பெர்னாண்டோவார் பீப்பாயையும் கொண்டை ஊசியையும் கொண்டு தொடங்கினர். நம் பள்ளிகளில் கைவேலை வகுப்புக்கென ஒதுக்கும் நேரத்தில் வாரம் ஒரு மணியை இதற்கு அளிக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வகுப்பின் முடிவில் ஒளிராத அட்டைகள் சில இருக்கத்தான் செய்யும். அவற்றை மேசையின் ஓரத்தில் ஒதுக்கிவிடாமல், அடுத்த வாரம் முதலில் அவற்றையே எடுத்துக்கொள்வது நன்று.